மலாக்காவுக்கு வந்தவர்களும் மலாக்காவில் இருந்தவர்களும்

வெளிநாட்டுச் சபையிலிருந்து தொண்டூழியக் குழு வருகிறது என்றால், மலாக்காத் தோட்டப்புற ஆலயத்தில் விடியுமுன்பே அடுப்பு மூட்டிவிடுவார்கள். பின்கட்டில் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். வாடகை நாற்காலிகள் வந்து இறங்கும். பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பவுடர் பூசி வாசலில் நிறுத்துவார்கள். ஒரே நிறச் சட்டை போட்டவர்கள் வேனிலிருந்து இறங்கியதும் மாலை, ஜெபம், சாப்பாடு, படம் பிடித்தல். பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ சுவருக்குச் சாயம் அடிப்பார்கள், விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவார்கள், மருத்துவ முகாம் போடுவார்கள். வழியனுப்பும் நாளில் இரு தரப்பும் அழும். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனாலும் தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன மிஞ்சியது என்று கணக்குக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கணக்குக் கேட்பதற்கு மலாக்காவை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. கடல் கடந்து வந்த ஊழியக்காரர்களை நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவரும் ஊர் இது. புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிவிட்டு 1545இல் இங்கே வந்தார். ஜெபங்களை அங்கே உள்ளூர்க்காரர் துணையோடு தமிழாக்கி மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தவர், இங்கே அதையே மலாயில் செய்தார். சில மாதங்களில் கிழக்கே தீவுகளுக்குப் புறப்பட்டுவிட்டார். 1547இல் திரும்பி வந்தபோது அஞ்சிரோ என்ற ஜப்பானியரை இங்கே சந்தித்தார். 1549இல் ஜப்பானுக்குப் போனார். சீனக் கரையோரம் இறந்த அவர் உடல், 1553இல் மலாக்காக் குன்றின் மேலிருந்த ஆலயத்தில் சில மாதம் கிடந்து, பிறகு கோவாவுக்குப் போயிற்று. அவருடைய பெயரில் ஊருக்குள் ஆலயம் இருக்கிறது. ஆனால் அவர் கண் எப்போதும் அடுத்த துறைமுகத்தில்தான் இருந்தது.

1815இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் வில்லியம் மில்ன் வந்தார். அந்த வருகையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சியம் விலைமதிப்பற்றது, ஏனென்றால் அதைச் சொல்வது உள்ளூர்க்காரர். முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோரில் ஒருவர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அப்துல்லாவும் சிறுவயதில் தமிழ் படித்தவர். 1849இல் அச்சேறிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்ற தன் வரலாற்றில், தம்மிடம் மலாய் படிக்க வந்த வெள்ளைக்காரப் பாதிரிமாரை ஒவ்வொருவராக எடைபோடுகிறார். மில்னின் பொறுமையையும் பண்பையும் மனமாரப் பாராட்டுகிறார். தாம்சன் என்ற பாதிரியைப் பற்றி மனக்குறைதான் அதிகம்: தாய்மொழிக்காரன் திருத்தியும் கேளாமல், தம் நாட்டு வாக்கிய அமைப்பிலேயே மலாயை வளைத்து வேதத்தை மொழிபெயர்த்தார் என்பது குறை. இவர்களோடு பழகியதற்காக ஊரார் அவரை ‘அப்துல்லா பாதிரி’ என்று கேலி செய்தார்கள். வந்தவர்களுக்குத் துணை நிற்பவன் தன் ஊரில் என்ன விலை கொடுக்கிறான் என்பதை அன்றே எழுதிவைத்த மனிதர் அவர்.

லண்டன் மிஷனரி சங்கம் ஏன் மலாக்காவைத் தேர்ந்தெடுத்தது? சீனாவுக்குள் அப்போது நுழைய முடியவில்லை. 1818இல் அடிக்கல் நாட்டிய ஆங்கிலோ-சீனக் கல்லூரியும் சீனத்துக்கான ஆயத்தம்தான். 1842இல் சீனத் துறைமுகங்கள் திறந்தன. 1843இல் கல்லூரி ஹாங்காங்குக்குப் போய்விட்டது. அச்சுக்கலை, பள்ளிகள், மலாய் நூல்கள் என்று பெரிய கொடைகள் இங்கே தங்கின. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. என்றாலும் வந்தவர்களின் திட்டத்தில் மலாக்கா ஒரு காத்திருப்பு இடம். இன்றைய குறுகிய காலக் குழுக்களை நிறுக்கும்போது நான் கையில் எடுக்கும் படிக்கல் இதுதான்: இந்தப் பயணத்தின் இலக்கு தோட்டத்து மக்களா, அல்லது பயணம் செய்பவர்களின் பயிற்சியா?

தோட்டங்களின் கதை பிற்பாடு வந்தது. டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், 1898இல் புக்கிட் அசாஹானிலும் ரப்பர் பயிரிட்டார். கங்காணிகளின் பின்னால் தமிழர்கள் கப்பலேறினார்கள். 1923 தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி வைக்கக் கட்டாயப்படுத்தியது. கிராணியே வாத்தியாராக இருந்த பள்ளிகள் எத்தனையோ. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானோபதேசம் சொன்னவர்கள் உபதேசியார்கள். அவர்களில் பலர் லயத்திலேயே குடியிருந்தார்கள், பிரட்டு மணிச் சத்தத்தில் எழுந்தார்கள், மலேரியாவில் படுத்தார்கள். தோட்டத்துத் திருச்சபை நிலைத்ததற்கு அவர்கள்தான் காரணம் என்பது என் துணிபு. திருச்சபை வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைத்த பக்கங்கள் மிகக் குறைவு. இந்த அநீதி என்னை உறுத்துகிறது.

இன்றைக்கு ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல ஜாசின், அலோர் காஜா, மலாக்காப் பட்டணத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் இடம்பெயர்ந்துவிட்டன. இவர்களுடைய தேவை எத்தகையது என்பதற்கு ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். பிறப்புச் சூரா இல்லாததாலும் பெற்றோரின் திருமணம் பதியப்படாததாலும் அடையாள அட்டை கிடைக்காத தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமகனுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். அட்டை இல்லாதவருக்கு வெளிநாட்டவர் கட்டணம். ஆகவே அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு நாள் மருத்துவ முகாம் தரும் சத்து மாத்திரை மட்டுமில்லை. பதிவிலாகாவுக்கு வருடக்கணக்கில் சலிக்காமல் கூட நடக்கும் ஒரு ஆள் வேண்டும்; பாட்டியின் பழைய சிவப்பு அடையாள அட்டையைத் தேடி எடுத்து, சாட்சிக்கு ஆள் பிடித்து, மலாயில் மனு எழுதத் தெரிந்த ஒரு ஆள். பத்து நாள் குழுவால் இதைச் செய்யவே முடியாது. பக்கத்து ஊர்ப் போதகராலும், ஓய்வுபெற்ற ஆசிரியராலும் முடியும்.

செலவுக் கணக்கும் இதையே சொல்கிறது. 1998இல் மிட்ச் புயல் அடித்த ஹோண்டுராஸில், வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் வந்து கட்டிய வீடுகளைக் கர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். உள்ளூரில் சுமார் 2,000 டாலரில் முடியும் வீட்டுக்கு, ஒரு குழு பயணத்தையும் சேர்த்து 30,000 டாலர் வரை செலவழித்தது. போய்வந்தவர்களின் வாழ்க்கையிலும் நிலையான மாற்றம் குறைவு என்று கண்டார். அவர் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர். சபைக்குப் பகைவர் அல்லர். ஒரு சுவருக்குச் சாயம் அடிக்க இருபது விமானச் சீட்டு ஏன் என்று மலாக்காவிலும் கேட்கலாம். சாயம் அடிக்கத் தெரிந்தவர், அதையே தொழிலாகச் செய்பவர், அதே தாமானில் வேலையில்லாமல் இருக்கக்கூடும்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்தவர். 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்கிறது நம் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு. டியூசன் என்றும் விளையாட்டு என்றும் அழைத்துவிட்டு ஞானப்பாட்டு சொல்லிக்கொடுப்பது அந்தப் பெற்றோரின் நம்பிக்கையைக் கெடுப்பது. பிறகு அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்குவது வேனில் ஏறிப் போனவர்கள் அல்லர். அங்கேயே குடியிருக்கும் சின்னஞ்சிறு தமிழ்ச் சபை.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு, அது கனமானது. இந்த நாட்டில் தமிழ்க் கிறிஸ்தவர் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. முப்பது பேர் கூடும் ஆலயத்துக்கு யாரோ கடல் கடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தால், “நம்மளையும் நினைக்கிறாங்க” என்ற தெம்பு பிறக்கிறது. அதற்கு விலை போட என்னால் முடியாது. வந்தவர்களிடம் தோட்டத்து வரலாற்றைச் சொல்லக் கிழவிகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பும் சிறிதல்ல. விருந்தாக வருவதில் குறையொன்றும் இல்லை. உதவி என்ற பெயரில் வந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்காமல் இருப்பதுதான் குறை.

ஆகவே என் தீர்ப்பு: உதவித் திட்டமாக இப்பயணங்கள் தேறவில்லை, உறவுப் பயணமாகத் தேறும், அதுவும் அழைப்பு இங்கிருந்து போனால் மட்டும். நாளையும் வேலையையும் உள்ளூர்ச் சபை முடிவு செய்யட்டும். மில்ன் செய்ததுபோல் வருகிறவர்கள் முதலில் மாணவர்களாக உட்காரட்டும். பயணச் செலவுக்குத் திரட்டும் தொகையில் பாதியையாவது, பதிவிலாகாவுக்கு அலையும் குடும்பங்களின் வண்டிச் செலவுக்கும், ஆண்டு முழுக்க டியூசன் நடத்தும் ஆசிரியருக்கும் முன்னதாகவே அனுப்பட்டும். “இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் வாங்க” என்று உபதேசியார் சொன்னால், அதன்பிறகும் அந்தப் பணம் வந்து சேருகிறதா என்று பார்க்கவேண்டும்.