அரை மில்லிமீட்டர் எஃகு

குண்டு ஏற்றாத 1911 பிஸ்டலின் எடை ஏறத்தாழ 1.1 கிலோ. அதன் டிரிக்கருக்கு அமெரிக்க ராணுவம் வகுத்திருந்த அழுத்தமோ 5 முதல் 6.5 பவுண்டு, அதாவது 2.3 முதல் 2.9 கிலோ. துப்பாக்கியின் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக ஒற்றை விரலால் அழுத்த வேண்டும், அப்போது துப்பாக்கி இம்மியும் அசையக் கூடாது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911 மார்ச்சில் ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கியின் டிரிக்கரை அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர்கள் தலைமுறை தலைமுறையாக இழைத்து வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியச் சுடுதல் போட்டிகள் நடக்கின்றன. அங்கே ஆடப்படும் புல்ஸ் ஐ போட்டியில் ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். 50 கஜத் தொலைவில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் சுமார் 8.5 சென்டிமீட்டர். 1911இன் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர் மட்டுமே. விரல் இழுத்த இழுப்பில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் குண்டு 27 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். ராணுவத்துக்குப் போதுமான டிரிக்கர் போட்டியாளருக்குப் போதாமல் போவது இயல்பே.

ஆனால் பழைய டிரிக்கரில் சுடுபவரைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் கனம் அல்ல, கரகரப்பு. அழுத்தத் தொடங்கியதும் டிரிக்கர் கொஞ்சம் நகர்கிறது, சிக்குகிறது, மறுபடி நகர்கிறது. எந்தக் கணத்தில் ஹாமர் (குண்டை வெடிக்கச் செய்யும் சுத்தி) விழும் என்பது விரலுக்குத் தெரிவதில்லை. இரண்டு கிலோ அழுத்தம் கேட்டாலும் ஒரே கணத்தில் தெளிவாக விடுபடும் டிரிக்கரோடு பழகிவிடலாம். இடையில் இரண்டு முறை தயங்கும் டிரிக்கரோடு பழக முடியாது. இழைக்கும் கலையின் நியாயம் இந்தத் தெளிவைக் கொண்டுவருவதில் இருக்கிறது. நல்ல கம்மியர் கையில் அது உண்மையிலேயே பெரிய மாற்றம். அதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தத் தெளிவில் கணிசமான பங்கு சாணைக்கல்லைத் தொடாமலே கிடைத்துவிடும். பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்த துப்பாக்கியின் உள்ளே காய்ந்த எண்ணெயும் கிரீஸும் பிசினாக ஒட்டியிருக்கும். டிரிக்கர் முன்னும் பின்னும் போய்வரும் காடியில் பழைய அழுக்கு அடைத்திருக்கும். முழுவதும் பிரித்துக் கழுவி, தளர்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றி, உரசும் பக்கச்சுவர்களை மட்டும் மெருகேற்றினாலே போதும் என்ற நிலையில் பல துப்பாக்கிகள் இருக்கின்றன. இந்த அளவில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

ஆட்சேபம் தொடங்கும் இடம் சியர். பின்னுக்கு இழுத்து நிறுத்திய ஹாமரின் அடியில் இரண்டு சிறு கொக்கிகள் உண்டு. கட்டைவிரல் நகத்தளவு எஃகுத் துண்டான சியரின் நுனி அவற்றில் மாட்டி நிற்கிறது. டிரிக்கரை அழுத்தினால் சியர் சுழன்று விலகும், ஹாமர் விழும். போட்டிக்காக இழைப்பவர்கள் கொக்கிகளின் உயரத்தை 0.020 அங்குலம் அளவுக்குக் குறைப்பது வழக்கம். அது அரை மில்லிமீட்டர். குண்டு ஏற்றிய துப்பாக்கியின் ஹாமரைத் தாங்கி நிற்பது அவ்வளவுதான். அதிலும் சியர் நுனியின் கோணம் சற்றே பிசகினால் பிடிப்பு போய்விடும்.

பிடிப்பு குறைந்த துப்பாக்கியில் என்ன நடக்கும்? துப்பாக்கியின் மேற்பகுதியான ஸ்லைடு முன்னோக்கிப் பாய்ந்து மூடும் அதிர்ச்சியில் சியர் நழுவி, ஹாமர் கூடவே விழும். ஹாமரைப் பாதி வழியில் தடுக்கும் அரைநிலைக் கொக்கியில் மாட்டினால் தப்பித்தோம். இல்லையென்றால் விரல் அழுத்தாமலே குண்டு வெடிக்கும். புல்ஸ் ஐ ஆட்டக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு: ஒற்றைக் குண்டைப் போட்டு ஸ்லைடை விடும்போது டிரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது டிஸ்கனெக்டர் என்ற பாகம் டிரிக்கரையும் சியரையும் பிரித்து வைப்பதால் சியர் அதிராது. அந்த விளக்கம் சரியானதே. ஆனாலும் குண்டு ஏறும் நேரத்தில் விரல் டிரிக்கரில் இருக்க வேண்டும் என்று ஓர் இயந்திரம் கேட்குமானால், அதன் பாதுகாப்பு எல்லை ஏற்கெனவே செலவாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங்கை வளைப்பது இன்னொரு குறுக்கு வழி. 1911இன் சியர் ஸ்பிரிங் மூன்று விரல்களாகப் பிரிந்த தகடு. இடதுவிரல் சியரை ஹாமரோடு சேர்த்துத் தள்ளுகிறது. நடுவிரல் டிஸ்கனெக்டரையும் டிரிக்கரையும் பார்த்துக்கொள்கிறது. வலதுவிரல் பிடியிலுள்ள பாதுகாப்பைத் தாங்குகிறது. இடதுவிரலைப் பின்னால் வளைத்தால் அழுத்தம் உடனே குறையும். சியரைக் கொக்கிக்குத் திருப்பி அனுப்பும் வலிமையும் கூடவே குறையும். லேசானதை மட்டும் விரல் உணர்கிறது, இழந்ததை உணர்வதில்லை.

கட்டைவிரல் பாதுகாப்புப் பூட்டும் சியரின் பின்புறத்தோடு பொருத்தப்பட்டது. சியரைத் தேய்த்தாலோ மாற்றினாலோ அந்தப் பொருத்தம் மாறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. அறையும் மேகசீனும் காலி என்று உறுதிசெய்த பின் ஹாமரை இழுத்துப் பூட்டிவிட்டு, டிரிக்கரை அழுத்தி விட்டுவிட வேண்டும். பூட்டைத் திறந்து, துப்பாக்கியைக் காதருகே கொண்டுவந்து, ஹாமரை மெல்லப் பின்னிழுக்க வேண்டும். 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்டால், பூட்டியிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கியைக் கம்மியரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், பேச்சே இல்லை.

பழைய ரிவால்வர்களில் வேறொரு சிக்கல். ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய ஹாமரும் டிரிக்கரும் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு. கல் அந்தத் தோலைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான உலோகம். முதல் வாரம் வெண்ணெயாக வழுக்கும் டிரிக்கர், சுடச்சுடத் தேய்ந்து குணம் மாறும்.

போட்டி விதிகளே ஒரு தரையைப் போட்டு வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கத்தின் (என்ஆர்ஏ) விதிப்படி .45 பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச அழுத்தம் 3.5 பவுண்டு. பரிசுக்காகச் சுடுபவருக்கே அதற்குக் கீழே அனுமதி இல்லாதபோது, வீட்டு மேசையில் அரத்தோடு உட்கார்ந்து இரண்டு பவுண்டுக்கு இறக்கி மகிழ்வதற்கு என்ன தேவை இருக்கிறது?

அசல் பாகங்களைத் தொட்டால் துப்பாக்கியின் பழமை மதிப்பு போய்விடும் என்ற வாதத்தை நான் அளவோடுதான் ஏற்கிறேன். தையல் இயந்திர நிறுவனமான சிங்கர் 1941இல் செய்து கொடுத்த 500 பிஸ்டல்களில் ஒன்றில் கல்லை வைப்பது மன்னிக்க முடியாத செயல். ஆனால் ராணுவப் பட்டறைகளில் பலமுறை பிரிக்கப்பட்டு, வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்கள் கலந்து திரும்பிவந்த துப்பாக்கிகளும் ஏராளம். அவற்றில் 'அசல் பாகம்' என்ற பேச்சுக்குப் பொருள் குறைவு.

அரசுக் கிடங்கிலிருந்த பழைய 1911கள் 2018 முதல் குடிமக்களுக்கான குறிசுடுதல் திட்டமான சிஎம்பி அமைப்பின் வழியாக அமெரிக்கப் பொதுமக்களுக்கு விற்கப்படுவதால், இந்தக் கேள்வி இப்போது பலர் கையில் இருக்கிறது. என் தீர்ப்பு இது: முதலில் கழுவுங்கள், ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அதற்கு மேலும் தெளிவு வேண்டுமென்றால் பழைய ஹாமரையும் சியரையும் உறையில் போட்டு வைத்துவிட்டு, ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்த புதிய ஜோடியை வாங்கித் தேர்ந்த கம்மியர் ஒருவரிடம் பொருத்தக் கொடுங்கள். நான்கு பவுண்டில் தெளிவாக விடுபட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.