கிழங்கு மூட்டையால் அளக்கும் மீன் கடை

பிரிட்டனில் ஒரு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடை விலைக்கு வந்தால், விளம்பரத்தில் வார வசூலையும் குத்தகைக் காலத்தையும் அடுத்து ஒரு விவரம் கண்ணில் படும்: வாரத்துக்கு எத்தனை மூட்டை உருளைக்கிழங்கு. மீன் எத்தனை கிலோ போகிறது என்று எழுதுபவர்கள் அபூர்வம். பெயர்ப் பலகையில் மீனுக்குத்தான் முதலிடம், ஆனால் கடையின் பருமனைச் சொல்வது கிழங்கு. தொழில் தெரிந்தவர்கள் யோசித்து வைத்த அளவுகோல் இது. வசூலைக் கூட்டிச் சொல்ல முடியும். கிழங்கு வியாபாரியின் பில்லை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. அதைவிட முக்கியமான காரணம், லாபம் கிழங்கில்தான் இருக்கிறது. விரல் தடிமனில் வெட்டிப் பொரிக்கும் அந்தக் கிழங்குத் துண்டுகள் சம்பாதித்துக் கொடுக்க, மீன் கௌரவத்துக்கு நிற்கிறது.

இந்தச் சாப்பாட்டின் பூர்வீகம் குறித்து லண்டனுக்கும் லங்காஷயருக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் ஜோசப் மாலின் என்ற யூதர் தொடங்கினார் என்பது ஒரு கட்சி. 1863இல் மாஸ்லி சந்தையில் ஜான் லீஸ் விற்றதுதான் முதல் என்பது மறுகட்சி. யார் முதலில் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. மீனைப் பொரித்துத் தின்னும் வழக்கம் ஸ்பெயின், போர்ச்சுக்கல் வழி வந்த யூதர்களோடு இங்கிலாந்துக்குள் நுழைந்தது. நீராவி இழுவைப் படகும் ரயிலும் வந்தபின் வடகடல் மீன் ஆலைத் தொழிலாளிக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 35,000 கடைகள் இருந்தன. இரண்டாம் போரில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் வந்தபோது மீனும் கிழங்கும் தப்பின. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 10,500. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டாலும், அந்நாட்டில் உள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகளைவிட இவை இன்றும் பல மடங்கு அதிகம்.

ஒரு தொழில் இவ்வளவு அடி வாங்கியும் நிற்கிறது என்றால் அதன் அமைப்பில் ஏதோ பலம் இருக்க வேண்டும். என் கணிப்பில் அந்தப் பலம் அதன் குறுகல். ஒரு மீன், ஒரு கிழங்கு, ஒரு மாவு, ஒரு கொதிக்கும் எண்ணெய். இத்தனை குறைவான பொருள்களோடு வேலை செய்பவன் ஒவ்வொன்றையும் கரைத்துக் குடித்துவிடுவான். இன்று அந்தத் தொழிலை நெரிப்பதும் இதே குறுகல்தான். நான்கு பொருளில் ஒன்று விலையேறினாலும் மாற்றுக்குப் போக இடமில்லை.

முதலில் பலத்தைப் பார்ப்போம். நல்ல கடையின் வேலை கிழங்கில் தொடங்குகிறது. கிடங்கில் குளிர் அதிகமானால் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்படிப்பட்ட கிழங்கை எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும். அதனால் பொரிக்கும் கிழங்கைச் சமையல் கிழங்கைவிடச் சற்றுக் குறைந்த குளிரில் வைப்பார்கள். ஜூலையில் பழைய இருப்பு முடிந்து புதுக் கிழங்கு வரும்போது எல்லாக் கடைக்கும் தலைவலி. புதுக் கிழங்கில் நீர் அதிகம், மாவு குறைவு. பொரித்தெடுத்த ஐந்தாம் நிமிடமே தொய்ந்துபோகும். விவரமான கடைக்காரர் புது மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி வெட்டிப் பொரித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தோலுரிக்கும் இயந்திரத்தில் கொட்டுவார். 1966இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த மாரிஸ் பைப்பர் ரகம் இன்றும் இந்தக் கடைகளின் செல்லப்பிள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதன் உலர்ந்த, மாவான சதைதான்.

மீன் பக்கம் கைவேலை இன்னும் நுணுக்கம். மாவு நம் பஜ்ஜி மாவைவிட நீர்க்க இருக்கும். குளிர்ந்த தண்ணீரில்தான் கரைப்பார்கள். துண்டை முதலில் உலர் மாவில் புரட்டி, பிறகு கரைசலில் தோய்த்து, வால் நுனியைப் பிடித்தபடி எண்ணெயில் பாதி இறக்கி, ஓரிரு நொடி அலசி, மாவு உறைந்து மீன் மிதக்கத் தொடங்கியதும் கையைத் தம் பக்கமிருந்து அப்பால் நீட்டி விடுவார்கள். எண்ணெய்ச் சூடு 180 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் மாவு மொறுமொறுப்பான கூடாகிறது. உள்ளே மீன் தன் ஈரத்தின் ஆவியிலேயே வேகிறது. நல்ல கடையில் வாங்கிய மீனைப் பிட்டால் வெள்ளைச் செதில்கள் ஈரத்தோடு பிரியும், எண்ணெய் கசியாது. சூடு குறைந்தால் மாவு எண்ணெயைக் குடிக்கும். சட்டியில் ஒரே நேரத்தில் அதிகம் போட்டால் சூடு குறையும். வெள்ளிக்கிழமை மாலை வாசல்வரை வரிசை நிற்கும்போது, சட்டியை நிரப்பிவிடாமல் அவர்களைக் காத்திருக்கச் சொல்லும் துணிச்சலில்தான் நல்ல கடைக்கும் சுமாரான கடைக்கும் வித்தியாசம் தெரிகிறது. பலரும் மீன் தேடும் புனித வெள்ளியன்று அந்தத் துணிச்சலுக்கு ஆண்டின் மிகக் கடினமான சோதனை.

எண்ணெய் விஷயத்தில் நாடே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. யார்க்ஷயரிலும் அதைச் சுற்றியும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது மரபு. தெற்கில் தாவர எண்ணெய். வடக்கத்தியர் ஹாடாக் மீனைத் தோல் நீக்கிக் கேட்பார்கள், தெற்கத்தியருக்குக் காட் மீன். மாட்டுக் கொழுப்பில் பொரித்த சிப்ஸின் மணமும் முறுகலும் உயர்ந்தவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சட்டி சைவர்களையும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. யார்க்ஷயரின் லீட்ஸுக்குப் போகும் நம்மவர்கள், 'வெறும் சிப்ஸ்தானே' என்று வாங்கும் முன் எதில் பொரித்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காதவருக்குச் சொல்லும் வழக்கம் எல்லாக் கடையிலும் இல்லை.

இந்தத் தொழிலில் எனக்கு உறுத்தும் முதல் குறை இப்படிப்பட்ட மௌனம். கடற்கரை ஊர்க் கடையில் கண்ணாடி வழியே துறைமுகம் தெரிய உட்கார்ந்து சாப்பிடுபவர், மீன் அந்தப் படகுகளில் வந்ததாகவே நினைப்பார். பெரும்பாலும் அது வடக்கே பேரண்ட்ஸ் கடலில் பிடிபட்டு, கப்பலிலேயே சில மணி நேரத்துக்குள் துண்டாக்கி உறையவைத்து, ஏறத்தாழ 7 கிலோ பாளங்களாக வந்தது. தரத்தில் குறையில்லை. நாள்கணக்கில் பனிக்கட்டியில் கிடந்த 'பச்சை' மீனைவிட மேல் என்றே சொல்வேன். அப்படியிருக்க அதைப் பெருமையாக எழுதிப்போடாமல் சுவரில் வலையும் நங்கூரமும் மாட்டுவது ஏன்? உப்புக்குப் பக்கத்தில் இருக்கும் புட்டியும் அப்படித்தான். வினிகர் என்று எண்ணி நாம் தெளிப்பது பல கடைகளில் அசிட்டிக் அமிலத்தில் நீரும் நிறமும் சேர்த்த திரவம். சட்டப்படி அதை வினிகர் என்று விற்க முடியாது.

இனி அந்தக் குறுகல் எப்படி நெரிக்கிறது என்பதற்கு வருவோம். 1976இல் மீன்பிடி எல்லை குறித்து ஐஸ்லாந்துடன் நடந்த 'காட் போர்' தோல்வியில் முடிந்தபின், ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் தொலைகடல் மீன்பிடித் தொழில் சரிந்தது. அன்று முதல் பிரிட்டனின் தேசிய உணவு அடுத்தவர் கடலை நம்பியிருக்கிறது. 2022இல் உக்ரைன் போர் வந்தபோது இதன் விலை தெரிந்தது. வெள்ளை மீனில் கணிசமான பங்கு ரஷ்யாவிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் உக்ரைனிலிருந்து. சட்டியைச் சூடாக்கும் எரிவாயு எட்டாத விலையில். போதாதென்று ரஷ்ய வெள்ளை மீனுக்கு பிரிட்டிஷ் அரசே 35 சதவீதக் கூடுதல் தீர்வை போட்டது. 1913இலிருந்து இயங்கும் தேசிய மீன் பொரிப்போர் சம்மேளனம், மூன்றில் ஒரு பங்கு கடைகள் மூடப்படலாம் என்று எச்சரித்தது. போர் தணிந்தால் சரியாகும் என்று காத்திருந்தவர்களுக்கு மீன் இருப்பு அடுத்த அடியைக் கொடுத்தது. நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து நிர்ணயிக்கும் பேரண்ட்ஸ் கடல் காட் ஒதுக்கீடு 2021இல் 8,85,600 டன். 2025இல் 3,40,000 டன். 1991க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை.

வரிக் கணக்கை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. வாங்கும் மீன், கிழங்கு, மாவு, எண்ணெய் எதற்கும் வாட் வரி கிடையாது. சூடாக விற்கும்போது 20 சதவீதம். மற்ற தொழில்களில் வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். இங்கே எரிசக்தியும் அட்டைப் பெட்டியும் தவிர கழிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. 12 பவுண்டு பொட்டலத்தில் 2 பவுண்டு நேராக அரசுக்குப் போகிறது. மீதி 10 பவுண்டில்தான் மீன், வாடகை, எரிவாயு, சம்பளம், கடன் தவணை எல்லாம். கொரோனா காலத்தில் 2020 ஜூலையில் இந்த வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். பலர் பழைய கடனை அடைத்தது அப்போதுதான். 2022 ஏப்ரலில், மற்ற எல்லாம் ஏறிய அதே வசந்தத்தில், மறுபடி 20க்குப் போனது.

அப்படியானால் விலையை ஏற்ற வேண்டியதுதானே? அங்கேதான் இந்தச் சாப்பாட்டின் பெயரே குறுக்கே நிற்கிறது. ஏழையின் இரவுச் சாப்பாடு என்று நூற்றைம்பது ஆண்டாகப் பெயர் எடுத்தது அது. ஒரு பர்கருக்கு 15 பவுண்டு கொடுப்பவரும் மீனுக்கு 13 என்றால் பெருமூச்சு விடுகிறார்.

பிழைக்கும் வழியாக அதிகம் சொல்லப்படும் யோசனைகளில் இரண்டு எனக்கு ஒப்பவில்லை. ஒன்று, கபாப், பீட்சா, பொரித்த கோழி என்று பட்டியலை நீட்டுவது. வசூல் சில மாதம் கூடும். பிறகு மீன் மெல்ல மெல்லக் கேட்பாரற்றுப்போகும். கேட்பு குறைந்தால் முன்கூட்டியே பொரித்துச் சூடுபெட்டியில் அடுக்கிவைப்பார்கள். அடுக்கிவைத்த மீனின் மாவு நைந்துபோகும். அதைச் சாப்பிட்டவர் மறுமுறை கபாப் வாங்குவார். மற்றொன்று, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள். பெட்டியை மூடிய கணமே சிப்ஸ் தன் ஆவியில் தானே நனையத் தொடங்குகிறது; கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கும் பண்டம் அல்ல அது. இந்தச் சேதத்துக்குக் கட்டணமாக விலையில் கால் பங்கையோ அதற்கு மேலோ செயலி எடுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போகாத தலைமுறை வந்துவிட்டது, செயலியை ஒதுக்கினால் கடை காலி என்று சிலர் வாதிடுகிறார்கள். பெருநகரங்களில் அதில் உண்மை இருக்கலாம். அப்போதும் அந்த விற்பனைக்குத் தனி விலை வைக்காதவர் தன் கைப்பணத்தைத்தான் கொடுத்தனுப்புகிறார்.

நான் பரிந்துரைப்பது யாருக்கும் பிடிக்காத வழி: அளவைக் குறைப்பது. வடக்கத்திக் கடைகளில் ஒருவருக்குக் கட்டும் சிப்ஸை இருவர் சாப்பிட்டாலும் மிஞ்சும். அள்ளிப் போட்டபின் 'உங்களுக்காக இன்னும் கொஞ்சம்' என்று கரண்டியால் மேலும் ஒரு தள்ளு தள்ளுவது அங்கே உபசாரம். அந்தத் தள்ளலில் போவது கிழங்கு மட்டும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. தோலுரித்த கூலி, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்ந்து கடைசியில் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. மீனையும் சிறு துண்டு, பெருந்துண்டு என்று இரண்டு விலையில் வைத்தால், 13 பவுண்டுக்குத் தயங்கும் முதியவர் 8 பவுண்டுக்கு வருவார். கஞ்சன் என்ற பெயர் முதல் மாதம் வரும். அதைத் தாங்கும் கல்லாவும் மனமும் வேண்டும்.

இந்தக் கடைகளை நடத்துபவர்கள் யார் என்ற கேள்வி வெற்றிக் கதைகளில் அடிபடுவதில்லை. யூதர்களுக்குப் பின் இத்தாலியர், சைப்ரஸ் கிரேக்கர், சீனர், துருக்கியர், தெற்காசியர் என்று அலையலையாகக் குடியேறியவர்கள்தான் அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் இலங்கைத் தமிழர்களும் உண்டு. முதலீடு குறைவு, ஆங்கிலம் கொஞ்சம் போதும், மெனு சிறிது. குடியேறியவருக்குக் குறுகல் ஒரு வரம். ஆனால் கணவன் சட்டியில், மனைவி கல்லாவில், பள்ளி விட்டு வந்த பிள்ளை பொட்டலம் கட்டுவதில் என்று ஓடும் கடையில் லாபமாகத் தெரிவது பெரும்பாலும் சம்பளம் எழுதாத உழைப்பு. 2025 ஏப்ரலில் பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. இருவர் வாரம் தலா அறுபது மணி நேரம் நின்றால் ஆண்டுக்கு 76,000 பவுண்டுக்கு மேல். அவ்வளவு கொடுத்து ஆள் வைத்தாலும் தாங்கும் கடைகள் குறைவு.

எனவே கடை வாங்க நினைக்கும் நம்மவர்கள் விற்பவரிடம் இரண்டு விஷயங்களை வாங்கிப் பார்க்க வேண்டும். ஒன்று எண்ணெய் பில்: வசூலுக்குப் பொருந்தாமல் எண்ணெய்ச் செலவு குறைவாக இருந்தால், மாற்றாத எண்ணெயில் கடை ஓடியிருக்கிறது, அந்த வாடிக்கையாளர்கள் எப்போது வேண்டுமானாலும் போவார்கள். இரண்டாவது, யார் எந்த நாள் எத்தனை மணி நேரம் வேலைக்கு நின்றார்கள் என்ற அட்டவணை. சம்பளம் எழுதாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலி போட்டுக் கழித்துப் பாருங்கள். மிச்சம் ஒன்றும் தேறவில்லை என்றால் குட்வில் (கடையின் நற்பெயருக்கான விலை) என்று கேட்கும் தொகையை ஒத்துக்கொள்ளாதீர்கள். குத்தகைக்கும் அடுப்புக்கும் உரிய விலையை மட்டும் பேசுங்கள்.