குடுவைக்குள் சரியான கணக்கு

ஆம்பூரில் டிரம்மிலிருந்து இறங்கும் தோல் வெளிர்நீலமாக இருக்கும். வெட் புளூ என்பார்கள். அந்த நீலம் குரோமியம் தந்தது. குரோமியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தடித்த இடத்தில் கத்தியால் ஒரு கீறு. வெட்டுமுகத்தின் நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் "இன்னும் உள்ளே போகல, சுத்த விடு" என்பார்கள். சந்தேகமிருந்தால் ஒரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் தோல் தேறிவிட்டது.

வாங்க வருகிறவருக்கு இது போதாது. அவருக்குக் காகிதத்தில் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தருவது பதினோராம் வகுப்பில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து மறந்த வேதிவினைக்கூறு விகிதம்.

ஒரு கிராம் தோலை நைட்ரிக், கந்தக, பெர்குளோரிக் அமிலக் கலவையில் கொதிக்கவிட்டால் தோல் கரைந்து காணாமல் போகும். பச்சையாகக் கிடந்த திரவம் ஒரு கட்டத்தில் சட்டென்று ஆரஞ்சாகும்: மூன்றாம் நிலையில் இருந்த குரோமியம் முழுக்க ஆறாம் நிலைக்கு ஏறிவிட்டது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, திரும்பவும் கொதிக்கவிட்டு குளோரினை விரட்ட வேண்டும். பிறகு பொட்டாசியம் அயோடைடு போட்டு, குடுவையை மூடி, பத்து நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் அயோடினின் கரும்பழுப்பு. பியூரெட்டிலிருந்து ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், இறங்க இறங்கப் பழுப்பு வைக்கோல் நிறமாகும். அப்போது ஸ்டார்ச் விட்டால் கருநீலம். கடைசியாக ஒரு சொட்டு. நீலம் போய் இளம்பச்சை.

ஒரு குரோமியம் அணு ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது மூன்று அயோடைடுகளை ஆக்சிஜனேற்றுகிறது. அதில் பிறந்த அயோடினைத் தீர்க்க மூன்று தயோசல்பேட் தேவை. இந்த மூன்றுக்கு ஒன்றிலிருந்து, 0.1 நார்மல் ஹைப்போ ஒரு மில்லிலிட்டர் என்றால் 2.533 மில்லிகிராம் குரோமிக் ஆக்சைடு என்ற எண் பிறக்கிறது. 15.8 மில்லி இறங்கினால் 40 மில்லிகிராம். ஒரு கிராம் தோலில் 4 சதவீதம்.

இந்த முறையின் பெரிய பலம், 2.533 என்பது யாரும் அளந்து பொருத்திய எண் அல்ல என்பது. அணுநிறைகளையும் எலக்ட்ரான் எண்ணிக்கையையும் வைத்து யார் கணக்குப் போட்டாலும் அதுதான் வரும். ஆம்பூருக்கு ஒரு விகிதம், இத்தாலிக்கு ஒரு விகிதம் கிடையாது. விலையுயர்ந்த அணு உறிஞ்சல் கருவிக்குக்கூட முதலில் தெரிந்த செறிவுள்ள கரைசலைக் காட்டி 'இதுதான் இவ்வளவு' என்று கற்றுக்கொடுக்க வேண்டும். இங்கே தூய பொட்டாசியம் டைகுரோமேட்டை 4.903 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்கினால் போதும், அளவுகோல் தயார். நல்ல தராசும், சொட்டு ஒழுகாத பியூரெட்டும், பொறுமையும் உள்ள சிறிய ஆய்வகம் பெரிய ஆய்வகத்தின் முகத்துக்கு நேராக 'உங்கள் எண் தவறு' என்று சொல்லலாம்.

ஆனால் விகிதத்துக்குக் கண் கிடையாது. அயோடினை விடுவித்தது எதுவானாலும் அதைக் குரோமியம் என்றே அது எண்ணும். கொதிக்கவிட்டு விரட்டாத குளோரின், பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து அடக்காத இரும்பு, மூடாத குடுவையில் புகுந்த காற்று எல்லாம் எண்ணைக் கூட்டும் பக்கமே இழுக்கும். அவசரத்தில் வேலை செய்கிற ஆய்வகம், தெரியாமலே, தோல் விற்பவருக்குச் சாதகமாக இருந்துவிடுகிறது.

எண் வெளியே வந்த பிறகும் தொல்லை. நான் அருகிலிருந்து பார்த்த ஒரு தகராறு: ஒரே சரக்குக்கு ஓர் ஆய்வகம் 4.0 என்றது, இன்னொன்று 2.7 என்றது. இரண்டு நாள் தொலைபேசிச் சண்டை. கடைசியில் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பையன் சொன்னான்: "சார், ரெண்டு பேரும் சரியாத்தான் போட்டிருக்காங்க. இவங்க ஆக்சைடா சொல்றாங்க, அவங்க வெறும் குரோமியமா சொல்றாங்க." 1.4616 ஆல் பெருக்கியதும் சண்டை முடிந்தது. தோலுக்குள் குரோமிக் ஆக்சைடு என்ற பொருளே இல்லை. கொலாஜனின் அமிலக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு கிடப்பது வேறு சேர்மம். சாம்பலாக்கி நிறுத்துப் பார்த்த காலத்து வழக்கம் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரமும் அப்படித்தான். வெட் புளூவின் எடையில் பாதி தண்ணீர். உலர்எடைக்குத் திருப்பாமல் எழுதினால், நல்ல தோலும் பாதிக் குரோமியத்தோடு நிற்கும்.

இவையெல்லாம் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாத குறை ஒன்று உண்டு. 4 சதவீத ஆக்சைடு என்றால் ஒரு கிலோ உலர்தோலில் சுமார் 27,400 மில்லிகிராம் குரோமியம். தோலைப் பதப்படுத்தும் மூன்றாம் நிலைக் குரோமியம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் சருமத்தில் படும் தோல் பொருள்களில் ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு தடம் மாறினாலே சரக்கு வரம்பைத் தொட்டுவிடும். கொழுப்பேற்றப் பயன்படும் எண்ணெயின் நிறைவுறாத பகுதியும், சூடும், வறண்ட காற்றும் அந்த மாற்றத்தைச் செய்யப் போதும். நம்முடைய பியூரெட் சோதனையோ முதல் வேலையாக எல்லாக் குரோமியத்தையும் ஆறாம் நிலைக்கு ஏற்றிவிடுகிறது. எதைத் தேடுகிறோமோ அதையே நாமே உண்டாக்கிவிட்டு எண்ணுகிறோம். அதனால்தான் ஆறாம் நிலைக்குத் தனியாக, மென்மையான தாங்கல் கரைசலில் ஊறவைத்து, டைபினைல்கார்பசைடு தரும் ஊதாச் சிவப்பை ஒளியால் அளக்கும் முறை வைத்திருக்கிறார்கள். அங்கே விகிதத்தை நம்புவதில்லை. அளவீட்டு வரைகோட்டை நம்புகிறார்கள். சாயம் கலங்கிய கரைசலில் அதற்கும் தடுமாற்றம்தான்.

மொத்த எண் எவ்வளவு ஊமை என்று பார்க்க ராணிப்பேட்டைக்குப் போனால் போதும். மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேடு லட்சம் டன்னுக்கு மேல். மழை பட்டால் மஞ்சளாகக் கசிவது ஆறாம் நிலைக் குரோமியம். மொத்தக் குரோமியம் இவ்வளவு என்ற ஒற்றை எண் அந்த மேட்டையும் ஒரு ஜோடி ஷூவையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் புகார் விகிதத்தின் மேல் இல்லை. அதைக் குடுவையோடு நிறுத்திவிடுகிறோமே, அதன்மேல்தான்.

ஒரு டிரம் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் கிலோ சுண்ணாம்பு கழிந்த தோல். 8 சதவீதம் பேசிக் குரோம் சல்பேட் என்றால் 80 கிலோ தூள். அதில் 25 சதவீதம் ஆக்சைடு, 20 கிலோ, குரோமியமாக 13.7 கிலோ. வழக்கமான முறையில் தோல் எடுத்துக்கொள்வது அறுபது, எழுபது சதவீதம். மீதி நான்கு கிலோவிலிருந்து ஐந்தரை கிலோ குரோமியம் டிரம் தண்ணீரோடு வெளியேறும். அதே சமன்பாட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சோடியம் டைகுரோமேட்டைக் கந்தக டைஆக்சைடால் ஒடுக்கித்தான் இந்தத் தூளைச் செய்கிறார்கள். இரண்டு குரோமியத்துக்கு ஒரு சோடியம் சல்பேட் கூடவே பிறக்கிறது. 80 கிலோ தூளில் கிட்டத்தட்ட 19 கிலோ. பெரும்பகுதி தோலில் தங்காமல், கரைந்த உப்பாகக் கழிவுநீருக்கே போகும். மூட்டையின் மேல் இது எண்ணாக அச்சிடப்பட்டிருக்காது. விகிதம் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும்.

மீட்கவும் அதே கணக்குதான். மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும். இரண்டு குரோமியத்துக்கு மூன்று மக்னீசியம் ஆக்சைடு, அதாவது கிலோவுக்கு 1.16 கிலோ. தண்ணீரில் மிஞ்சியிருக்கும் அமிலத்தையும் தீர்க்க வேண்டியிருப்பதால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே செலவாகும். சுண்ணாம்பு விலை குறைவு; ஆனால் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகி, கொழகொழவென்று பெருத்த சேறாக நிற்கும். மக்னீசியம் ஆக்சைடில் படிவு அடர்த்தியாக இறங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து அடுத்த டிரம்முக்கே ஊற்றலாம்.

வாசலில் வந்த குரோமியம், தோலில் போனது, மீட்டது, சேற்றில் போனது: நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதினால் மீதி எங்கே என்ற கேள்வி தானாக எழும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் பேச வேண்டியிருந்தது. ஈடு எவ்வளவு என்று கேட்டால் குழாய் முனையில் ஒருநாள் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீர் பதில் சொல்லாது. நிறைக் கணக்கு ஓரளவு சொல்லும். அதைக் கேட்கத் தயங்குவதற்குக் காரணம் வேதியியலில் இல்லை என்றே நினைக்கிறேன்.

குழாய் முனைப் பாட்டிலில் விகிதமே வழுக்கும் இடமும் உண்டு. தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு ஊறல் தண்ணீரில் இறங்கி, லிட்டருக்கு 20,000 மில்லிகிராம் குளோரைடுகூட இருக்கும். வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது சிஓடி பார்க்கும்போது டைகுரோமேட் கரிமப் பொருளைத் தின்ன வேண்டும். அது குளோரைடையும் தின்னும். ஒரு மில்லிகிராம் குளோரைடு 0.226 மில்லிகிராம் ஆக்சிஜனாகக் கணக்கில் ஏறும். முழுதும் ஏறினால், அழுக்கே இல்லாத உப்புத் தண்ணீருக்கும் 4,500 சிஓடி. தடுக்க மெர்குரிக் சல்பேட் போடுகிறார்கள். வழக்கமான 0.4 கிராம், 20 மில்லி மாதிரியில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரைதான் தாங்கும். அதற்கு மேல் என்றால் பத்து மடங்கு நீர்க்க வைக்க வேண்டும். அப்போது 0.1 நார்மல் கரைசலில் பியூரெட் வாசிப்பு 0.1 மில்லி பிசகினாலும் எண் 40 நகரும். வெளியேற்றும் தண்ணீருக்கு வரம்பே 250.

அந்தச் சோதனை முடிந்த குடுவையில் 43 மில்லிகிராம் குரோமியமும், 270 மில்லிகிராம் பாதரசமும், கொஞ்சம் வெள்ளியும், 30 மில்லி கந்தக அமிலமும் இருக்கும். வெளியேற்றும் நீரில் பாதரச வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு குடுவைப் பாதரசம் 27,000 லிட்டரை வரம்பு வரை நிரப்பப் போதும். இரண்டு டேங்கர் லாரிக்கு மேல். எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் குடுவையை எங்கே கவிழ்க்கிறார்கள் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி இல்லை.