பாலமும் சிலையும்: போஸ் நினைவுச்சின்னங்கள் பற்றிய ஒரு நோக்கு

கித்துல்கலவில், களனி கங்கைக் கரையில், சில கொங்கிறீற்று அடித்தளங்களை இன்றும் காணலாம். 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலத் திரைப்படத்திற்காக மரத்தினாற் கட்டப்பட்டுப் படப்பிடிப்பிலேயே தகர்க்கப்பட்ட பாலத்தின் எச்சங்கள் அவை. ஒரு பிரித்தானியப் படை அதிகாரியின் மனப்போராட்டமே அப்படத்தின் மையம். சயாம் - பர்மா புகையிரதப் பாதையில் மாண்டோருட் பெருந்தொகையினர் ஆசியத் தொழிலாளர் என்பதையோ, அவர்களுள் மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் இருந்தனர் என்பதையோ அதனைப் பார்ப்போர் அறிய வாய்ப்பில்லை. தோட்டத் தமிழர் லயன்களில் வாழும் சப்பிரகமுவ மண்ணிலேயே அப்படம் எடுக்கப்பட்டது என்பதையும் இங்குக் கூறிவைக்கலாம்.

சுபாஸ் சந்திர போஸின் நினைவுச்சின்னங்களை மதிப்பிடுவதற்கு இப்பாலத்தையே நாம் தொடக்கமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. சுமார் 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்ரோபர் 17இல் இணைக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஒக்ரோபர் 21இல், யப்பானியரின் ஆதரவுடன் போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். ஒரே தோட்டங்களிலிருந்து சிலர் இந்திய தேசிய இராணுவத்திற்குச் சென்றனர். சிலர் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். அவ்விராணுவம் தோட்ட மக்களுக்கு அளித்த தன்மதிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் அதற்குச் சான்று. ஆயினும் இவ்விரு வரலாறுகளையும் பிரித்தெழுதுதல் நேர்மையாகாது.

1945 யூலை 8இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டிய சின்னம் அவரது உருவமன்று. அது பெயரறியா வீரருக்குரியது. அவ்வாண்டு செப்டெம்பரில் மீண்டுவந்த பிரித்தானியர் மவுண்ட்பேட்டனின் கட்டளைப்படி அதனைத் தகர்த்தனர். ஏகாதிபத்தியம் ஒரு கல்லுக்கு அஞ்சியது எனலாம். 1995இல் சிங்கப்பூர் அரசு அவ்விடத்தில் அடையாளச் சின்னமொன்றை நிறுவியது.

2022 செப்டெம்பர் 8இல் டெல்லி இந்தியா கேற்றருகே திறக்கப்பட்ட 28 அடிக் கருங்கற்சிலையோ வேறு தன்மையது. 1968 வரை ஐந்தாம் ஜோர்ஜ் மன்னன் நின்ற மண்டபத்தினுள், படைச்சீருடை தரித்து, வணக்கம் செலுத்தும் நிலையில் தலைவர் நிற்கிறார். மன்னனின் இடம் நிரப்பப்பட்டது. இடத்தின் அமைப்பு மாறவில்லை. பெயரறியா வீரர் இங்கில்லை. போஸ் பாசிச அரசுகளுடன் கைகோத்தவரா, அன்றி ஏகாதிபத்தியத்தைப் பலவீனப்படுத்தியவரா என்னும் விவாதத்தில் இரு தரப்பினரும் தலைவரொருவரையே பார்க்கின்றனர். நமது முற்போக்கு எழுத்தாளரும் இதற்கு விலக்கல்லர். யப்பானிய ஆதரவின் விலையை மலாயாத் தோட்டங்களில் யார் செலுத்தினர் என்ற கேள்வி எவராலும் அழுத்திக் கேட்கப்படவில்லை.

நேசநாட்டுக் கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் அப்பாதையில் இறந்தனர். காஞ்சனபுரியில் அவர்களிற் பலருக்கு ஒழுங்கான கல்லறைகள் உண்டு. ஆசியத் தொழிலாளரின் இறப்பு 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோருக்குப் பெயர்ப் பதிவும் இல்லை. அங்கே இறந்த தமிழருக்கு ஒரு நடுகல் எழுந்தது 2023இலேயே, அதுவும் பேரரசு எதனாலுமன்றித் தாய்லாந்துத் தமிழரின் முயற்சியால். போரில் வீழ்ந்த வீரனுக்கு நடும் கல், கூலி வேலையில் இறந்தவனுக்கு நடப்பட்டது. அப்பெயர் வழக்கில் நிகழ்ந்த இம்மாற்றம் டெல்லிச் சிலையின் உயரத்தைவிட எமக்கு ஆராயத்தக்கதாகத் தோன்றுகிறது.