முடிவில் அவிழும் முடிச்சு

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு சிறுகதை எழுதினேன். வெளிவந்த சமயத்தில் நாலு பேர் பாராட்டினார்கள். ஒரு தொகுப்பிலும் சேர்ந்தது. அது மோசமான கதை என்று இப்போது எனக்குத் தெரியும். ஏன் மோசம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பிறர் கதைகளைப் பற்றித் தாராளமாக அபிப்பிராயம் சொல்லிவந்தவன், தன் முறை வரும்போது ஒளிந்துகொள்வது நியாயமல்லவே!

கதை இதுதான். கிராமத்து வீடு, கல்யாண வயதில் ஒரு பெண். வருகிற வரனையெல்லாம் தாய் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிறாள். ஒருவனுக்கு ஜாதகம் சரியில்லை, ஒருவனுக்கு மூக்குச் சப்பை, இன்னொருவனுடைய அம்மா வாயாடி. வாசகருக்குத் தாயின் மேல் ஆத்திரம் வரும்படி வளர்த்துக்கொண்டு போனேன். கடைசிப் பத்தியில் முடிச்சை அவிழ்த்தேன். அந்தப் பெண், ஆண் என்றோ பெண் என்றோ அறுதியிட்டுச் சொல்ல முடியாத உடம்போடு பிறந்தவள். தாயின் கண்ணீர் ஒரு சொட்டு அடுப்பில் விழுந்து ‘சுர்’ரென்றது. முற்றும். அந்தச் ‘சுர்’ரை எழுதி முடித்த இரவு எனக்கு ரொம்பத் திருப்தி.

பல வருஷங்கள் கழித்து அதைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. புகழ்ச்சியும் இல்லை, வசவும் இல்லை. ‘பெருமுக்கல் மலை பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாள் வாருங்கள், கூட்டிப் போகிறேன். உங்கள் கதையைப் பற்றியும் பேசலாம்’ என்று நாலே வரி.

போனேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பாதையில் இருக்கிறது ஊர். சரித்திரக்காரர்கள் அங்கே கோட்டைக்காகப் போவார்கள். 1760ல் கூட் துரை பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கோட்டை அது. பக்தர்கள் உச்சியில் இருக்கும் ஈசுவரன் கோயிலுக்காகப் போவார்கள். மலையில் ஒரு குகை உண்டு. பாறையில் ஆதி மனிதன் செதுக்கிய கீறல்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அதைச் சீதை குகை என்கிறார்கள். ராமன் காட்டுக்கு அனுப்பிய பிறகு சீதை லவகுசர்களைப் பெற்றது அங்கேதானாம். கம்பன் பட்டாபிஷேகத்தோடு கதையை நிறுத்திக்கொண்டான். ஊர் ஜனங்கள் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று கேட்டுக்கொண்டே மலைமேல் ஏறிப் போயிருக்கிறார்கள்.

கடிதம் எழுதியவர் அந்த ஊர்க்காரர் அல்ல, பக்கத்தில் எங்கேயோ. பெயர் வேண்டாம் என்றார். ‘அவர்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக்காக மட்டுமல்ல, காரணம் பின்னால் வரும். குகை வாசலில் உட்கார்ந்தோம்.

“சார், உங்க கதையில கடைசியில என்னத்தத் தொறந்து காட்டுறீங்க? எங்க வீட்டுல அது மொத நாளே எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, ஆயாவுக்கு, பிரசவம் பாத்த நர்சம்மாவுக்கு. தெரியாம இருந்தது நான் மட்டுந்தான்” என்றார்.

என் கதையின் அஸ்திவாரம் அந்த இடத்திலேயே ஆட்டங்கண்டுவிட்டது. வாசகர் அறியாததை முடிவில் அறிவிப்பதற்காக நான் கட்டிய கட்டடம் அது. உண்மையில் ரகசியம் ஊராரிடமிருந்து மறைக்கப்படுவது அப்புறம். முதலில் அது மறைக்கப்படுவது யாருடைய உடம்போ அவரிடமிருந்தே. அவருடைய அடிவயிற்றில் தழும்பு ஒன்று இருந்ததாம். குழந்தையில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தது என்று சொல்லி வளர்த்தார்கள். இருபத்தெட்டாவது வயதில், வேறு ஏதோ வலிக்காகப் போன இடத்தில், ஒரு டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, “உங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் கதையை முடித்த இடம், அவருக்குக் கதை ஆரம்பிக்கிற இடம்.

இவர்களைத் திருநங்கையரோடு ஒன்றாகச் சேர்த்துக் குழப்புவது நம் வழக்கம். விழுப்புரம் பக்கத்து ஜனங்களுக்குக் கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழா வருஷா வருஷம் சித்திரையில் பார்த்துப் பழகியது. அந்தப் பழக்கமே குழப்பத்துக்குக் காரணம் போலும். திருநங்கையின் விஷயம், தான் யார் என்று மனம் அறிந்துகொள்வதைப் பற்றியது. ஊடுபால் என்று இப்போது சொல்கிறார்களே, அது பிறவி உடம்பைப் பற்றியது. உறுப்பிலோ, சுரப்பியிலோ, குரோமோசோமிலோ ஆண், பெண் என்ற இரண்டு அச்சிலும் அடங்காத அமைப்பு. சிலருக்குப் பிறந்த அன்றே தெரியும். சிலருக்குப் பருவம் வரவேண்டிய வயதில் வராமல்போகும்போது தெரியும். திருநங்கையருக்காவது சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ இருக்கிறது; அதைவிட முக்கியமாக, ரேவதியும் வித்யாவும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். ஊடுபாலருக்கு மதுரை கோபி ஷங்கரின் ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ போல விவரம் சொல்லும் புத்தகம் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் உள்ளே உட்கார்ந்து எழுதிய நாவல் ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை.

வெளியே பார்த்தால், அமெரிக்கர் ஜெஃப்ரி யூஜெனிடிஸ் 2002ல் ‘மிடில்செக்ஸ்’ எழுதினார். மறு வருஷம் புலிட்சர் பரிசு பெற்றது. அதன் கதாநாயகன், தான் முதலில் பெண் குழந்தையாகவும் பிறகு பதினாலாவது வயதில் பையனாகவும் பிறந்தவன் என்பதை முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறான். நான் கடைசி வரிக்கு வைத்திருந்ததை அவர் முதல் வரியில் செலவழித்துவிட்டார்! செலவழித்த பிறகுதான் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் எழுதக் கையில் சரக்கு இருக்கிறது. பெரிய டாக்டர் ஒருவர் பெற்றோரிடம் ஒன்று சொல்கிறார், பிள்ளையிடம் வேறொன்று சொல்கிறார். அவர் அறையை விட்டு வெளியே போன நேரத்தில் பிள்ளை தன்னைப் பற்றிய காகிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறது. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. குறையும் உண்டு. பாட்டனும் பாட்டியும் உடன்பிறந்தவர்கள். அவர்கள் செய்தது பேரப்பிள்ளையின் உடம்பில் வந்து விடிகிறது. ரத்த உறவில் மணந்தால் இப்படிச் சில பிறவிக் கூறுகள் வெளிப்படலாம் என்பது விஞ்ஞானம்தான். ஆனால் கதையில் அது தண்டனையாக ஒலிக்கிறது. ‘முன்வினை’ என்று தலையாட்டிவிட்டு நம் வாசகர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த ஆசிரியரைத் தூண்டியது பிரெஞ்சு தேசத்து எர்க்யூலின் பார்பன் எழுதிவைத்த சுயசரிதை. 1838ல் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். 1860ல் சட்டம் அவரை ஆண் என்று மாற்றி எழுதியது. 1868ல் பாரிஸில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். 1978ல் மிஷெல் ஃபூக்கோ அந்தக் குறிப்புகளை வெளியிட்டபோது டாக்டர்களின் அறிக்கைகளையும் கூடவே சேர்த்தார். படிக்கும்போது ஒரு வித்தியாசம் உறைக்கிறது. பார்பன் தான் நேசித்தவரைப் பற்றி எழுதுகிறார்; டாக்டர்கள் அளவு எழுதுகிறார்கள்.

அளவு எழுதும் பழக்கம் நமக்கும் உண்டு. 2006 டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலிருந்து போன சாந்தி, செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண், 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பிறகு சோதனை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு மனுஷியின் அந்தரங்கம் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியாயிற்று. அந்தச் செய்திகளைத் தேடி எடுத்து மறுபடியும் படித்தேன். நடை எனக்கு அறிமுகமானதாகவே இருந்தது. என் கதையின் நடைதான். அதே முடிச்சு, அதே அவிழ்ப்பு, அத்தோடு முற்றும். 2007ல் அவர் உயிரை விட முயன்றதையும், பிழைத்ததையும், ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரானதையும் சொல்ல அந்தத் தலைப்புகளில் இடம் ஏது? தீக்குளித்த இடத்திலேயே சீதையை விட்டுவிட்டு வந்த மாதிரி.

தமிழில் இதை எழுதுவதில் ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. நம் வினைமுற்று பாலைக் காட்டாமல் நகராது. வந்தான், வந்தாள். தொல்காப்பியரே இதில் நின்று யோசித்திருக்கிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் சொல்லுக்கென்று தனி விகுதி கிடையாது என்று சொல்லும் அதே சூத்திரத்தில் தெய்வப் பெயர்களையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் உயர்திணையில் சேர்த்தார். பிற்காலத்தார் அந்தப் பெருந்தன்மையைக் காப்பாற்றவில்லை. வள்ளுவரே பேடியின் கைவாளை இரண்டு இடத்தில் உவமையாக்கி, கோழைத்தனத்துக்குப் பெயராக அதை நிறுத்திவிட்டார். குறளில் எனக்குப் பக்தி உண்டு. இருந்தாலும் அந்த இரண்டையும் வகுப்பில் ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளைகளில் ஒன்று, தன் உடம்பைப் பற்றி ஏதோ சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கலாம் என்று இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விகுதி விஷயத்தில் என் கண்ணைத் திறந்ததும் அந்தக் குகைவாசல் நண்பர்தான்.

“எங்க அம்மா அக்காங்கள ரெண்டு பேரையும் மூச்சுக்கு மூச்சு ‘ஏண்டி, வாடி’ன்னுதான் கூப்புடும். என்னிய ஒரு நாள்கூட ‘டி’ போட்டதில்ல. ‘கண்ணு’ன்னும், இல்லன்னா ‘பாப்பா’. எம்மேல உசுருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இருபத்தெட்டு வயசுல தெரிஞ்சப்புறந்தான் தோணுச்சு, அம்மாவுக்கு அந்த ‘டி’ வாயில வரலன்னு.”

“அம்மாவிடம் கேட்டீர்களா?”

“கேட்டேன். மல்லாட்ட ஒடச்சிக்கிட்டு இருந்துது. கை நிக்கல. ‘தெரியும் கண்ணு’ன்னுச்சு. ‘இத்தினி நாளா ஏன் சொல்லல’ன்னேன். ‘என்னான்னு சொல்றது’ன்னுச்சு. அவ்ளோதான். அன்னிக்கி ராத்திரி ரெண்டு பேரும் ஒரு மூட்ட ஒடச்சோம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பறம் நானே அக்காங்களுக்குச் சொன்னேன். அவங்களுக்கு அரைகொறையாத் தெரியும். சின்னக்கா ரொம்ப அழுதுது. மறு வாரம் சொந்தக்காரங்க கல்யாணத்துல ஒரு கெழவி ‘இதுக்கு எப்பக் கல்யாணம்’னு கேட்டப்போ, அந்த அக்காவே ‘அது அதுங்க இஷ்டம், ஒனக்கென்ன’ன்னு எல்லாரு முன்னாலயும் சத்தம் போட்டுது” என்று சிரித்தார்.

என் கதையின் தாய் வரன்களைத் தட்டிக் கழித்தாளே தவிர, மகளை எப்படிக் கூப்பிட்டாள் என்று நான் யோசிக்கவே இல்லை. பழைய பிரதியை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே அவள் மகளை ‘ஏண்டி’ என்கிறாள். வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதற்கு அந்த ஒரு எழுத்துப் போதும்.

2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருண்குமார் என்பவரின் வழக்கில், ஊடுபால் குழந்தைகளின் உடம்பை ஆணென்றோ பெண்ணென்றோ ஆக்குவதற்காக அறுக்கக் கூடாது என்று சொல்லிற்று. உயிருக்கு ஆபத்து என்றால்தான் விலக்கு. அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு உத்தரவும் போட்டது. இந்தியாவில் இதுவே முதல். இப்படிக் குழந்தை பிறப்பது வெட்கப்படவேண்டிய விஷயமல்ல என்று பெற்றோர் உணரும்படி செய்ய வேண்டும் என்றும் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் எழுதினார். தாயார்களின் வெட்கத்தைப் பற்றி ஒரு நீதிபதி எழுதும்வரை கதாசிரியர்கள் நாங்கள் அடுப்பில் கண்ணீரைச் சொட்டவைத்துக்கொண்டிருந்தோம்.

மலையிலிருந்து இறங்கும்போது, “அந்தக் கதைய மறுபடி எழுதுவீங்களா சார்?” என்று கேட்டார்.

“நீங்கள் எழுதினால் என்ன? ‘நான்’ என்று எழுதினால் விகுதித் தொல்லை இல்லையே. வந்தேன், போனேன் என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை” என்றேன்.

“அத நானும் யோசிச்சிருக்கேன்” என்றார். “நாப்பது பக்கம் ஆயிருக்கு.”

போன மாதம் அந்த நோட்டுப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார். மல்லாட்டை உடைத்த இரவில் ஆரம்பிக்கிறது.