மலரின் மேல் படிந்த ஒளி

உயிரினங்களின் உருவப்படங்களுக்கு இடந்தராத நம் வீடுகளிலும் பூக்களின் படம் சுவரில் தொங்குவதுண்டு. ஆயினும் அதனை வெறும் அலங்காரமென எண்ணிக் கடந்து செல்கிறோமேயன்றி, நின்று பார்ப்பதில்லை. நின்று பார்க்கத்தக்க ஒரு மலரோவியம் நெதர்லாந்தின் ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் காட்சியகத்தில் உள்ளது. அம்புரோசியஸ் பொஸ்கார்ட் என்னும் ஓவியர் 1618ஆம் ஆண்டையொட்டித் தீட்டியது அது.

வளைந்த கற்சாளரம், அதன் திண்ணையில் ஒரு கண்ணாடிக் கலம், கலம் நிறைய ரோஜாவும் துலிப்பும் வேறு பல மலர்களும். பின்னே தெளிந்த வானம். இப்பூக்கள் யாவும் ஒரே பருவத்தில் மலர்பவையல்ல. எந்தத் தோட்டத்திலும் ஒருங்கே பறித்திருக்க முடியாத பூங்கொத்து இது.

இக்கற்பனையை நம்மை நம்பவைப்பது ஒளியே. பெரிய மலர், சிறிய மலர் என்று பாராமல் எல்லாவற்றின் மேலும் அது ஏறக்குறைய ஒரு சீராகப் படிகிறது. காலையா மாலையா என்று சொல்ல இயலவில்லை. காலத்தையே விலக்கி வைத்த ஒளி அது.

பூச்சியரித்த இலைகளைச் சுட்டி, 'யாவும் அழியும்' என்பதே ஓவியத்தின் உட்பொருள் என்பர் திறனாய்வாளர். தவறில்லை. ஆனால் அரித்த இலையைக் கண்டதும் மரணமென்று எழுதி முடித்துவிட்டால், மலரைக் காண வேண்டிய தேவையே இல்லாமற் போகுமன்றோ?

நாம் துலிப்பைக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டில் உஸ்மானியர் நாட்டிலிருந்து மேற்கு ஐரோப்பாவை அடைந்த மலர் அது. துருக்கியர் அதனை அழைக்கும் பெயர் லாலே. அரபு எழுத்தில் எழுதினால், 'அல்லாஹ்' என்னும் திருநாமத்திலுள்ள அதே எழுத்துகளே அதிலும் அமையும்; அப்ஜத் கணக்கில் இரண்டிற்கும் மதிப்பு 66. உஸ்மானியர் அம்மலரைப் போற்றியதற்கு இதுவும் ஒரு காரணமென்பர்.

டச்சுக்காரர் மயங்கியதோ, அதன் இதழ்களில் தீச்சுடர்போல் ஓடும் வண்ணக் கோடுகளில். அக்கோடுகள் அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோயின் விளைவென்று இருபதாம் நூற்றாண்டில்தான் அறியப்பட்டது. நோயுற்ற கிழங்கு நாளடைவில் நலிந்துபோகும். 1621இல் மறைந்த பொஸ்கார்ட் இதனை அறிந்திருக்க வழியில்லை. எனினும் ஒரு கோடும் விடாமல், கண்டதைக் கண்டவாறே எழுதினார்.

ஆதலின் அழிவின் அடையாளம் அரித்த இலையில் மட்டுமன்று. ஒளியேற்று நம் கண்ணைக் கவரும் அவ்வழகிலேயே உறைகிறது. ஓவியர் கருதி வைக்காத அக்குறியீட்டை அவருடைய நேர்மையான பார்வை நமக்கு விட்டுச் சென்றது. உட்பொருள் தேடுமுன் மலரையே உற்றுப் பார்க்க நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.