மில்லிகன்ஸ் பெண்ட்: விக்ஸ்பர்க் முற்றுகையின் நிழலில் ஒரு போர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில், மிசிசிப்பி ஆற்றங்கரைக் கோட்டை நகரமான விக்ஸ்பர்க்கை வடக்குப் படையின் ஜெனரல் கிராண்ட் முற்றுகையிட்டு 1863 ஜூலை 4 அன்று கைப்பற்றிய வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் படையெடுப்பின்போது, நகருக்கு மேற்புறம் லூசியானா கரையில் ஜூன் 7 அன்று நடந்த மில்லிகன்ஸ் பெண்ட் போர் பெரும்பாலான நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது.

கிராண்டின் படைக்கு உணவும் வெடிமருந்தும் மில்லிகன்ஸ் பெண்ட் கிடங்கு வழியாகவே செல்வதாக எதிர்த்தரப்பான தெற்குப் படையின் தளபதிகள் நம்பினர். உண்மையில் அவ்வழி அதற்குள் யாசூ ஆற்றுப் பக்கம் மாறிவிட்டிருந்தது. அப்போது கிடங்கைக் காத்து நின்றவர்கள், அதே ஆண்டு ஜனவரி 1 அன்று வெளியான விடுதலைப் பிரகடனம் கறுப்பினத்தவருக்குப் படையில் இடமளித்ததைத் தொடர்ந்து, ஆற்றோரப் பருத்தித் தோட்டங்களிலிருந்து வடக்குப் படை அதிகாரி லோரென்சோ தாமஸ் திரட்டிய புதிய படைப்பிரிவினர். சில மாதங்களுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுக்குப் பழைய துப்பாக்கிகளே கிடைத்திருந்தன. அவையும் கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்ததால், சுட்டுப் பழகக்கூட அவகாசம் இருக்கவில்லை. ஹெர்மன் லீப் தலைமையிலான அவர்களுக்குத் துணையாக 23ஆவது அயோவா படைப்பிரிவு இருந்தது.

விடியற்காலையில் தெற்குத் தளபதி மெக்கல்லாக்கின் தலைமையில் டெக்சாஸ் வீரர் ஏறத்தாழ 1,500 பேர் முள்வேலிகளைக் கடந்து, வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் எழுப்பப்பட்டிருந்த கரைமேட்டின் மீது பாய்ந்தனர். குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு நிரப்ப வேண்டிய அக்காலத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்ப நேரமின்றிப் போகவே, துப்பாக்கி முனைக் கத்தியாலும் கட்டையாலும் நேருக்கு நேர் மோதிய கைகலப்பாகவே சண்டை நடந்தது. காவற்படை ஆற்று விளிம்புவரை பின்வாங்கியபோதும் நிலைகுலையவில்லை. சாக்டா என்னும் பீரங்கிக் கப்பல் கரையை நோக்கிச் சுட்ட பிறகு, தாக்க வந்தோர் கலைந்து திரும்பினர். தெற்கின் இழப்பு 185. வடக்கின் இழப்போ, காணாமற்போனோரும் சிறைப்பட்டோரும் உட்பட 652 என்று கணக்கிடப்படுகிறது. களத்தில் நின்ற 9ஆவது லூசியானாப் பிரிவினர் 285 பேரில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பதிலிருந்தே அந்தக் கைகலப்பின் கொடுமை விளங்கும்.

கறுப்பின வீரர்கள் பிடிவாதமாக எதிர்த்து நின்றதை மெக்கல்லாக்கின் அறிக்கையே ஒப்புக்கொள்கிறது; கறுப்பினத்தவரைப் படையில் சேர்ப்பது பற்றிய வடக்குப் படையின் மனப்போக்கை இப்போர் மாற்றிவிட்டதாகப் போர்த்துறை அதிகாரி சார்லஸ் டானா பதிவு செய்தார். இத்தனைக்குப் பிறகும் அடுத்த மாதம் வாக்னர் கோட்டையைத் தாக்கிய, கறுப்பினத்தவரைக் கொண்ட 54ஆவது மாசசூசெட்ஸ் படைக்குக் கிடைத்த புகழ் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டனின் பெருங்குடும்பங்களும் பத்திரிகைகளும் அந்தப் படையின் பின்னால் நின்றன; எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த தோட்டத் தொழிலாளரின் சார்பில் எழுத அன்று அதிகம் பேர் இல்லை. கறுப்பின வீரர்களின் வரலாற்றை ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் 1888இல் நூலாக்கியிருந்தும், இப்போருக்கென்று லிண்டா பார்னிக்கலின் விரிவான தனி ஆய்வு 2013இல்தான் வெளிவந்தது.

இப்போரில் சிறைப்பட்டோர் கொல்லப்பட்டதாக எழுந்த செய்தி குறித்துக் கிராண்ட் கடிதம் எழுதிக் கேட்டார். தெற்குத் தளபதி ரிச்சர்ட் டெய்லர் அதை மறுத்தார். தன் வீரரைச் சட்டமீறிக் கொன்றாலோ அடிமையாக்கினாலோ பதிலடி கொடுக்கப்படும் என்ற அதிபர் லிங்கனின் ஆணை அதே ஆண்டு ஜூலை 30 அன்று வெளியானது. ஆகவே விக்ஸ்பர்க்கின் அடிக்குறிப்பாக அல்ல, கறுப்பினப் படையின் வரலாற்றில் தொடக்க இயல்களுள் ஒன்றாகவே ஆய்வாளர்கள் இப்போரைப் படிக்க வேண்டும்.